கட்டிலருகே வெள்ளைத் தொலைபேசி

பிப்ரவரி 9

தங்கச்சி,

கடிதம் எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. கோடு போட்ட தாள் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "யாருக்கு சார் பரீட்சை?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? என் எண்ணை உன் கைபேசியில் தடுத்து வைத்திருக்கிறாய். உன் அண்ணி எண்ணையும் தடுத்துவிட்டாய், அவள் உனக்கு என்ன கெடுதல் செய்தாளோ தெரியவில்லை. தெரியாத எண் என்றால் நீ எடுப்பதே இல்லை. வீடு மாறியாயிற்று, புது வீடு எங்கே என்று சொல்லவில்லை. அந்த வெளிநாட்டில் நீ வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் விலாசம் பழைய உறை ஒன்றில் இருந்தது. அதற்கே அனுப்புகிறேன்.

என்னோடு நீ பேச வேண்டாம். ஆயுசுக்கும் பேசாதே. அம்மா என்ன பாவம் செய்தாள்?

"அடுத்த வாரம் வீடு மாறறேன்மா, மாறின உடனே கூப்பிடறேன்" என்று அவளிடம் சொன்னாயே, அதோடு சரி. அவள் கட்டிலருகே இருக்கும் வெள்ளைத் தொலைபேசி அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை. அதை எதற்காக அங்கே வைத்தேன்? பாதிக் கண் பார்வையை வைத்துக்கொண்டு கைபேசியைத் தேய்க்க அவளால் முடியாது. இதில் மணி அடித்தால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். உன் கைபேசியில் நான் போட்டுக் கொடுத்த செயலியில் நீ ஒரு பொத்தானை அழுத்தினால், இங்கே நான் வைத்திருக்கும் இணையத் தொலைபேசிப் பெட்டி வழியாக நேராக அவள் தலைமாட்டில் மணி அடிக்கும். நடுவில் நான் இல்லை, அண்ணி இல்லை. உங்கள் இருவருக்கு மட்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

குளித்துவிட்டு வந்ததும் கேட்கிறாள், "அடிச்சுதா?" மதியம் கண் அசந்து எழுந்ததும் கேட்கிறாள், "அடிச்சுதா? நான் தூங்கிட்டேனா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது.

அவள் இதயம் பலவீனமாகிக்கொண்டே வருகிறது. கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். அவர் சொன்னதை நான் எழுதப் போவதில்லை, நீயே புரிந்துகொள்.

ஒரே ஒரு தடவை கூப்பிடு.

அண்ணன்

பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மேற்பார்வையாளர் அம்மா ஈரக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். படித்த பிறகு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நடிக்கிறீர்களா? தினமும் வேலை முடிந்து வந்ததும் அம்மாவைக் கூப்பிடுகிறேன். புது வீட்டுக்கு வந்த அன்றே கூப்பிட்டேன், பெட்டிகளைப் பிரிக்கக்கூட இல்லை. போகவில்லை. மறுநாளும் போகவில்லை. இன்று வரை போகவில்லை. அந்தத் தொலைபேசிப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது? யார் கையில் இருக்கிறது? ஊரில் உள்ள கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இணையத் தொலைபேசி போட்டுக் கொடுக்கிறவர் நீங்கள்தானே? தங்கையின் இணைப்பை எடுத்துவிட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான் உங்கள் எண்ணைத் தடுத்தேன், அதற்குப் பதிலுக்குப் பதில். சரி. அதை என்னோடு வைத்துக்கொள்ளக் கூடாதா?

நான் கடைசியாக அங்கே வந்தபோது என்ன கேட்டேன்? அம்மாவைக் கொஞ்ச நாள் என்னோடு கூட்டிப் போகிறேன் என்றேன். "எங்கே வச்சுப் பார்த்துப்பே? அழுக்குத் துணி மூட்டைக்கு நடுவிலயா?" என்றீர்கள், அண்ணி எதிரில், அம்மா எதிரில். நானும் பதிலுக்கு வாயை விட்டேன், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வாயிலிருந்து அது வந்த பிறகு உங்கள் குரலைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவைக் கேட்பதற்கு உங்களிடம் அனுமதி வாங்கவும் பிடிக்கவில்லை.

நான் கூப்பிடவில்லை என்று அவளிடம் சொல்லாதீர்கள். அது அநியாயம்.

உங்கள் தங்கை

மார்ச் 4

தங்கச்சி,

"மதிப்பிற்குரிய", "நீங்கள்". நன்றாயிருக்கிறது. சின்ன வயதில் என் தோள்மேல் ஏறி உட்கார்ந்து காதைத் திருகியவள் எழுதுகிற எழுத்தா இது? அண்ணியிடம் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தால் அழுகிறாள்.

உன் இணைப்பை நான் தொடவே இல்லை. அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்காரும் முன்பு பெட்டியில் பார்த்தேன். உன் எண் இருக்கிறது, உன் பாஸ்வேர்டு இருக்கிறது, எல்லாம் வைத்தபடி இருக்கிறது. ஆனால் நீ உள்ளே வந்ததாக ஒரு தடம்கூட இல்லை. தினமும் கூப்பிட்டேன் என்று எழுதுகிறாய். யாரிடம் கதை விடுகிறாய்? இருபது வருடமாக இதே வேலையில் கிடக்கிறேன்.

நீ போன பிறகு அந்தப் பெட்டியில் நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் அம்மாவுக்காக. இணையத்தில் தொலைபேசிப் பெட்டி வைத்திருப்பவன் கதவைத் திருட்டு இயந்திரங்கள் ஓயாமல் தட்டும். பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்துவிட்டால் நம் இணைப்பில் உலகமெல்லாம் பேசலாமே, அதற்காக. அவை தட்டும்போது சில நேரம் சும்மாவே மணி அடித்துவிடும். எடுத்தால் மறுபக்கம் யாரும் இருக்கமாட்டார்கள். மணி அடித்தால் அம்மாவுக்கு நீதான். எங்கே இருந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். "சின்னவளா? சொல்லுடி, சின்னவளா?" என்று ஊமைத் தொலைபேசியிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் குளியலறையிலிருந்து அப்படி ஓடி வந்தவள் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அன்றைக்கே முடிவு செய்தேன்.

என்னைப் போல வேலை செய்கிறவர்கள் பல ஊர்களிலிருந்து சேர்ந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். தெரிந்த திருடர்கள் எல்லாருடைய இணைய முகவரியும் அதில் இருக்கும். நம் பெட்டி அந்தப் பட்டியலைத் தானாகவே வாங்கிக்கொண்டு, அதில் இருப்பவர்களைத் தானாகவே தடுத்துவிடும். தடுத்த பிறகும் தட்டுகிறவனுக்குத் தடை இன்னும் நீளும், அவன் முகவரி மறுபடி பொதுப் பட்டியலுக்கும் போகும். அந்த விதியை நானே எழுதினேன். நான் விரலை அசைக்க வேண்டாம், திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். என் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "இனிமே நிம்மதியா இருங்க" என்று சொல்லியிருக்கிறேன். ஊமை மணி அன்றோடு நின்றது.

அம்மாவுக்கு அது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு எத்தனை திருடன் வந்தான்டா?" என்று கேட்பாள். எண்ணிக்கையைப் படித்துச் சொல்வேன். "பாவம், இத்தனை பேரும் வெறுங்கையோட திரும்பிப் போறாங்களா?" என்பாள். திருடனுக்குப் பாவப்படுகிற ஆளை எங்கே பார்த்திருக்கிறாய்?

வீடு மாறும்போது உன் செயலியில் பாஸ்வேர்டு கலைந்திருக்கும். வேறு ஒன்றும் இருக்காது. கடைசித் தாளில் எழுதியிருக்கிறேன், பார்த்து நிதானமாகப் போடு. முதலில் போகாவிட்டால் விட்டுவிடாதே. அழித்துவிட்டு மறுபடி போடு. போகும்வரை போடு.

அம்மா இப்போது கட்டிலிலிருந்து இறங்குவதில்லை. சீக்கிரம் செய்.

அண்ணன்

மார்ச் 16

அண்ணா,

நீ அம்மா மேல் ஆணையிட்டு எழுதியிருந்தாய். பொய்யாக அப்படிச் சொல்ல உனக்கு வாய் வராது. அதனால் நம்புகிறேன். உன்னைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தப்படுகிறேன். இதற்கு மேல் இறங்கி எழுத என்னால் ஆகாது, நீயும் எதிர்பார்க்காதே.

நீ சொன்னபடியே செய்தேன். விடுமுறை நாளில் காலையிலிருந்து இருட்டும்வரை செய்தேன். போட்டேன், அழித்தேன், போட்டேன். ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிப் போட்டேன். செயலியையே எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுநாள் வேலை முடிந்து வந்து மறுபடி. விரல் நுனியில் உணர்வே இல்லை.

உனக்கு உதவுமோ என்று ஒன்று எழுதுகிறேன். முன்பெல்லாம் பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டால் 'தவறு' என்று வரும். அம்மா தொலைபேசியைச் சரியாக வைக்காமல் விட்டிருந்தால் விட்டு விட்டு ஒலிக்கும். இப்போது எதுவுமே இல்லை. மணி போகவில்லை, தவறு என்று வரவில்லை, வெட்டவும் இல்லை. சும்மா அமைதியாக இருக்கிறது. கிணற்றுக்குள் பேசுவது போலக்கூட இல்லை, கிணற்றில் எதிரொலியாவது வரும். அது தானாக அணையும்வரை காதில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். இந்த வீட்டில் சத்தமில்லாத இடம் அது ஒன்றுதான். அம்மாவுக்கு என் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று கதவையெல்லாம் சாத்திவிட்டு அங்கேதான் உட்காருவேன்.

உன் எண்ணையும் அண்ணி எண்ணையும் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் நானாக உன்னைக் கூப்பிடக் கை வரவில்லை. வீம்பு என்று வைத்துக்கொள். நீ கூப்பிடு. கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் அம்மா காதில் வை, போதும். வேலை நேரத்தில் மட்டும் கைபேசியைப் பூட்டிவைத்துவிடுவார்கள்.

அதுவரை இதை அவளுக்குப் படித்துக் காட்டு. அம்மா, நான் உன்மேல் கோபமாக இல்லை. அண்ணன் என்னைத் திட்டியபோது நீ எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்று அன்றைக்கு மட்டும் கோபம் இருந்தது, விமானம் ஏறுவதற்குள் போய்விட்டது. நான் தினமும் கூப்பிடுகிறேன். நீ நன்றாகச் சாப்பிடு. நான் வருகிறேன். என் கடவுச்சீட்டு புதுப்பிக்கப் போயிருக்கிறது, வந்ததும் கிளம்பிவிடுவேன்.

சின்னவள்

ஏப்ரல் 2

தங்கச்சி,

அன்று தொலைபேசியில் நீ, "எப்போ?" என்றாய். சொன்னேன். வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம். எழுதுகிறேன். நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, நீ என்னை என்ன நினைத்தாலும் சரி.

உன் கடிதம் வந்தபோது அம்மா மருத்துவமனையில் இருந்தாள். இரண்டு நாளாக நினைவில்லை. அண்ணி மாற்று உடையோடு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். "சும்மா அமைதியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

பாஸ்வேர்டு தவறினவர்களுக்கு என் பெட்டி தவறு என்று சொல்லும். அந்த அமைதியை அது யாருக்கும் கொடுக்காது, திருடர்களுக்கு மட்டும்தான் கொடுக்கும். பதில் சொன்னால் இங்கே ஒரு பெட்டி இருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும், அதனால் மூச்சே விடாதே என்று நான்தான் அதற்குச் சொல்லிவைத்தேன். உன் எண்ணைத் தேடிப் பார்த்தேனே தவிர, தடுக்கப்பட்டவர்களின் பட்டியலை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதில் என்ன பார்க்க இருக்கிறது? எல்லாம் திருடர்கள்.

மடிக்கணினியை அந்தப் பெஞ்சிலேயே திறந்தேன். உன் ஊருக்குரிய ஓர் இணைய முகவரி, அதிகம் தட்டியது என்று, எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. உன் கட்டடத்தில் எத்தனை வீடு இருந்தாலும் இணையம் ஒன்றுதான், வெளியே தெரிவது ஒரே முகவரிதான். அங்கே யாருடைய கணினியிலோ கிருமி புகுந்து, அவருக்கே தெரியாமல் ஊரார் தொலைபேசிகளைத் தட்டியிருக்கிறது. அதனால் அந்த முகவரி பொதுப் பட்டியலுக்கு வந்திருக்கிறது. நீ குடிவந்தபோதே உன் வீடு திருடன் வீடாக இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் பட்டியலைத் திட்டிவிட்டுத் தப்பித்திருப்பேன். அந்த ஆள் தன் கணினியை எப்போதோ சரிசெய்துவிட்டார். பட்டியல் வைத்திருக்கும் மற்ற எல்லாரும் அந்த முகவரி தட்டுகிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் அது திருட்டு முகவரி என்று விடாமல் பட்டியலுக்கு எழுதிப் போட்டது ஒரே ஒரு பெட்டிதான். நம்முடையது. தட்டிய நேரங்களைப் பார்த்தேன், தட்டியது நீ ஒருத்திதான். நீ ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் தடை நீண்டது. நான் எழுதிய விதி அப்படி. கோபித்துக்கொண்டு நீ கொஞ்ச நாள் சும்மா இருந்திருந்தால் தானாகத் திறந்திருக்கும். நீ சும்மா இருக்கவில்லை. நான் வேறு, போகும்வரை போடு என்று எழுதினேன்.

கைபேசியைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்து நின்று கூப்பிட்டிருந்தால்கூடப் போதும். அங்கே கட்டடத்தின் இணையம் இல்லை, கைபேசி நிறுவனத்தின் இணையம், வேறு முகவரி. மணி அடித்திருக்கும். இதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரிய வேண்டும்.

சாயங்காலம் சாயங்காலம் அம்மா கேட்டாளே, எத்தனை திருடன் வந்தான் என்று. உன்னையும் சேர்த்து எண்ணித்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். பாவம் என்றாளே, அது உன்னைத்தான்.

பெஞ்சிலிருந்தே உன்னைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. வேலை நேரம். அம்மாவிடம் போனேன். காதுதான் கடைசிவரை வேலை செய்யும் என்று செவிலி சொன்னார். குனிந்து அவள் காதில், "அம்மா, சின்னவ தினமும் கூப்பிட்டிருக்கா. நான்தான் தடுத்துட்டேன். அவ கோபமா இல்லம்மா" என்று சொன்னேன். பல தடவை சொன்னேன். உன் கடிதத்தையும் படித்தேன். அவள் கையை என் கையில் வைத்திருந்தேன். விரல் அசையவில்லை. இமைகூட அசையவில்லை. மதியம் போய்விட்டாள்.

அவளுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டது என்று சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு வாய் வரவில்லை.

உன் முகவரியை எடுத்துவிட்டேன். எல்லா வாடிக்கையாளர்களின் பெட்டியிலும் போய் அந்த விதியை அழித்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் பழுது என்று சொன்னேன்.

அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணா,

உன் கடிதத்தில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிய வேண்டியது புரிந்தது. முகவரி, பட்டியல், விதி எதுவும் எனக்கு வேண்டாம். அம்மா விழக் கூடாது என்றுதானே செய்தாய்? அதற்காக உன்மேல் கோபப்பட நான் என்ன ராட்சசியா? அண்ணியிடம் சொல், நீ சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். சாப்பிடு.

தெருவில் வந்து நின்றிருந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். தினமும் அந்தத் தெருவில்தான் நடந்து வீட்டுக்கு வருகிறேன். கைபேசி கையில்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசலாம் என்று வேகமாக நடப்பேன். இப்போது அந்தத் தெருவில் நடக்க முடியவில்லை. சுற்றிக்கொண்டு வருகிறேன்.

அம்மா போனதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன் அண்ணா. வயதாகிவிட்டது, உடம்பு முடியவில்லை, எல்லாருக்கும் வருவதுதான். கூட இல்லாமல் போனேனே என்பதையும் எப்படியோ விழுங்கிக்கொள்வேன். ஆனால் அவள் என்ன நினைத்துக்கொண்டு போனாள்? பெற்ற பெண் கோபித்துக்கொண்டு குரலைக்கூடக் காட்டாமல் இருந்துவிட்டாள் என்றுதானே? தலைமாட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே, நான் என்ன தப்பு செய்தேன் என்றுதானே படுத்திருப்பாள்? அவளுக்கு இனி யார் போய்ச் சொல்வது? எந்தத் தெருவில் நின்று கூப்பிடுவது?

துணிகளை மடிக்கும்போது வாய்விட்டு அழுகிறேன். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்தால் அதுவும் முடியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதையும் வேண்டிக் கேட்டதில்லை. அம்மாவுக்குக் கேட்டது என்று எழுது. நீ சொன்னதும் அவள் என்ன சொன்னாள் என்று எழுது. பொய் என்று எனக்குத் தெரியும். நீ உண்மையைத்தான் எழுதிவிட்டாயே. தெரிந்தேதான் கேட்கிறேன். உன் கையெழுத்தில் எனக்கு அது வேண்டும். தொலைபேசியில் சொல்லாதே, உன் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுது அண்ணா.

சின்னவள்

ஏப்ரல் 27

தங்கச்சி,

போன கடிதத்தில் ஒரு விஷயத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். அன்றைக்கு இருந்த நிலையில் எது எப்போது நடந்தது என்று எனக்கே குழம்பிவிட்டது. இப்போது யோசித்துப் பார்த்ததில் எல்லாம் தெளிவாக நினைவுக்கு வருகிறது.

அம்மாவுக்குக் கேட்டது. நான் சொல்லச் சொல்லக் கண்ணைத் திறந்தாள். முதலில் ஜன்னல் பக்கம் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள். என்னைத்தான் முதலில் திட்டினாள். "உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்காடா? என் பொண்ணைப் போய்..." என்றாள். மூச்சு வாங்கியது. பேசாதேம்மா என்றேன். கேட்டால்தானே.

பிறகு கொஞ்சம் சிரித்தாள். "அவ கூப்பிடாம இருப்பாளா? எனக்குத் தெரியும்டா. நீதான் எதையோ புடுங்கி வச்சிருக்கேன்னு அப்பவே நினைச்சேன்" என்றாள். "அவ என்மேல கோபமா இல்லேன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றாள். உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். "துணி துவைச்சுத் துவைச்சு அவ கையெல்லாம் வெடிச்சிருக்கும், எண்ணெய் தடவிக்கச் சொல்லு" என்றாள். சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்படித்தான் நடந்தது தங்கச்சி. நான் பக்கத்திலேயே இருந்தேன். எண்ணெய் தடவிக்கொள்.

அண்ணன்